கிம்ப் 3 வருவதற்கு ஏன் 14 வருடம் ஆனது?

பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து சேர்த்து வைப்பது என் நெடுநாள் பழக்கம். இதழ்கள் பெரும்பாலும் இரவல்தான். குறித்த நாளுக்குள் திருப்பித் தந்தாக வேண்டும். தாள் பழுத்து மஞ்சளாகியிருக்கும், பின்பக்கத்து மை முன்பக்கம் தெரியும். இதற்காகவே 2013 வாக்கில் கிம்ப் மென்பொருளுக்கு ஒரு சின்ன ப்ளகின் எழுதி வைத்திருந்தேன். பைதானில் 140 வரி. செய்வது இதுதான்: பக்கத்தை நகலெடுத்து, நகலை நன்றாக மங்கலாக்கி, மூலப் பக்கத்தை அந்த மங்கல் நகலால் வகுத்துவிடும். மங்கலாக்கும்போது எழுத்தெல்லாம் கரைந்து தாளின் கறை மட்டும் நகலில் மிஞ்சும். அதனால் வகுத்தபின் தாள் வெளுத்துவிடும், எழுத்து நிற்கும். பத்து வருடமாக ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது.

போன வருடம் பழைய மடிக்கணினி படுத்துவிட்டது. புதியதில் கிம்ப் 3 வந்தது. கையில் இன்னும் 600 பக்கம் பாக்கி, திருப்பித் தர மூன்று வாரம். ப்ளகின் கோப்பைப் பழையபடி அதன் இடத்தில் போட்டேன். மெனுவில் பெயரே வரவில்லை. பிழைச் செய்திகூட இல்லை.

ஸ்கேன் வேலையில் கூட இருந்து உதவும் நண்பரிடம் புலம்பினேன். அவர் வரலாற்று ஆசிரியர், நிரல் எழுதத் தெரியாது. அவர் கேட்டது: “ஏம்பா, அவங்க உள்ள இருக்கிற ஏதோ ஒண்ணை மாத்திட்டாங்கன்னு சொல்ற. பழைய பேரு இருக்கிற இடத்துல எல்லாம் புதுப் பேரைப் போட்டா வேலை முடிஞ்சுதே? அதுக்கு எதுக்கு இத்தனை வருஷம்?”

நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் 140 வரியை மாற்றி எழுதி முடித்தபிறகுதான் பதில் புரிந்தது. அதை எழுதி வைக்கத்தான் இந்தக் குறிப்பு.

டூல்கிட் என்றால் என்ன?

திரையில் நீங்கள் பார்க்கும் பொத்தான், மெனு, உருள்பட்டை, உரைப்பெட்டி எதையும் ஒவ்வொரு மென்பொருளும் தானே வரைந்துகொள்வதில்லை. அவற்றைத் தயாராகத் தருகிற நிரல் தொகுப்பு ஒன்று இருக்கும். அதுதான் டூல்கிட். வீடு கட்டுகிறவர் கதவு ஜன்னலைத் தானே இழைக்காமல் பட்டறையில் வாங்கிவந்து பொருத்துவது மாதிரி. பட்டறைக்காரர் அளவை மாற்றினால் கட்டுகிறவரும் மாற்றித்தான் ஆகவேண்டும்.

கிம்ப் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பட்டறையை ஆரம்பித்ததே கிம்ப்தான். 1995இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் கிம்ப்பை எழுதத் தொடங்கினார்கள். 1996இல் வெளிவந்த முதல் பதிப்பு மோட்டிஃப் என்கிற டூல்கிட்டை நம்பியிருந்தது. மோட்டிஃப் அப்போது கட்டற்ற மென்பொருள் இல்லை, உரிமம் காசு கொடுத்து வாங்கவேண்டும். இலவசமாகக் கொடுக்கிற மென்பொருளைத் தொகுக்க இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்கணும்னா எப்படி? ஆகவே சொந்தமாக ஒரு டூல்கிட் எழுதினார்கள். ஜிடிகே என்ற பெயரே ‘கிம்ப் டூல்கிட்’ என்பதன் சுருக்கம்தான். 1997இல் தொடங்கிய க்னோம் திட்டம் அதை எடுத்துக்கொண்டது. பிறகு நூற்றுக்கணக்கான மென்பொருட்கள் அதன்மேல் எழுந்தன. கிம்ப்புக்காகப் பிறந்த குழந்தை ஊருக்குப் பொதுவாகி, தன் போக்கில் வளர ஆரம்பித்தது.

ஜிடிகே 2 வந்தது 2002இல். அதன்மேல் கிம்ப் 2.0 வந்தது 2004இல், அதாவது இரண்டே வருடத்தில். ஜிடிகே 3 வந்தது 2011 பிப்ரவரியில். அதன்மேல் கிம்ப் 3.0 வந்ததோ 2025 மார்ச்சில். இந்த 14 வருடத்துக்குத்தான் என் நண்பர் கணக்குக் கேட்டார்.

மாறியது பெயர் அல்ல

ஜிடிகே 2இலிருந்து 3க்குப் போகும்போது பெயர் மாறிய இடங்கள் நிறைய இருந்தன. அவை சுலபம். கஷ்டம் வேறு இடத்தில். நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, உள்ளே கைவிடுவது. ஜிடிகே 2இல் ஒரு பொத்தானின் அகலம் வேண்டுமென்றால் அதன் உள்தரவுக்குள் நேரடியாகப் போய் எடுத்துக்கொள்ளலாம். தெரிந்த மளிகைக் கடையில் கல்லாப்பெட்டியில் நாமே கைவிட்டுச் சில்லறை எடுத்துக்கொள்வது போல. கடைக்காரர் கல்லாவை இடம் மாற்றாதவரை பிரச்சினை இல்லை. ஜிடிகே 3 கல்லாவைப் பூட்டிவிட்டது. எதுவானாலும் இனி கேட்டுத்தான் வாங்கணும். டூல்கிட் எழுதுகிறவர்களுக்கு இது நல்லது, உள்ளமைப்பை யாரையும் உடைக்காமல் மாற்றலாம். ஆனால் பதினைந்து வருடமாகக் கைவிட்டுப் பழகிய மென்பொருளில் ஒவ்வொரு இடத்தையும் தேடிப்பிடித்து மாற்றவேண்டும். கேட்டு வாங்க வழியே இல்லாத சில இடங்களில், ‘இது நமக்கு ஏன் தேவைப்பட்டது?’ என்று யோசித்து வேறு மாதிரி எழுதவேண்டும்.

இரண்டாவது, வரைவது. இதை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் புரியும். கிம்ப்பில் ஒரு பகுதியைத் தேர்வுசெய்ய மவுஸை இழுக்கிறீர்கள், ஒரு கட்டம் கூடவே நீள்கிறது. பழைய கிம்ப் இதை ஒரு தந்திரத்தால் செய்தது. கோடு போகும் இடத்தில் இருக்கிற நிறங்களைத் தலைகீழாக்கும். கருப்பு வெள்ளையாகும், வெள்ளை கருப்பாகும். அழிக்கவேண்டுமென்றால் அதே இடத்தில் அதே கோட்டை மறுபடி வரைந்தால் போதும், எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். படத்தைத் திரும்ப வரையவே வேண்டாம். கணினிகள் மெதுவாக இருந்த காலத்துக்கு அருமையான யோசனை. ஆனால் திரையில் இப்போது இருப்பதன்மேல் நேரடியாக எழுதலாம், ஒரே கோட்டைச் சரியாக இரண்டு தடவை வரைவோம், நடுவில் யாரும் அங்கே கைவைக்க மாட்டார்கள் என்கிற நம்பிக்கைகளின் மேல்தான் அது நின்றது. ஜிடிகே 3இல் எல்லா வரைதலும் கைரோ என்ற நூலகம் வழியாகத்தான். ‘இந்தப் பகுதி இப்போது எப்படித் தெரியவேண்டும், முழுசா வரைஞ்சு கொடு’ என்றுதான் டூல்கிட் கேட்கும். முன்பு வரைந்ததை அழிக்கும் பேச்சே இல்லை. எனவே கோட்டை மாற்றினால் போதாது, கருவிகள் திரையோடு பேசும் முறையையே மாற்றவேண்டும்.

மூன்றாவது, இட அளவு. ஜிடிகே 2 ஒவ்வொரு விட்ஜெட்டையும் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஒரே பதில். ஜிடிகே 3 இரண்டு படியாகக் கேட்கிறது: அகலம் இவ்வளவுதான் என்றால் உனக்கு எவ்வளவு உயரம் வேண்டும்? தமிழில் கணினியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடிகிற சொல் தமிழில் பன்னிரண்டு எழுத்தாகிவிடும். அது மடிந்து இரண்டு வரியாகும்போது பெட்டியும் உயரவேண்டும் இல்லையா? பழைய முறையில் இதைக் கேட்கவே வழியில்லை. ஆனால் தனக்கென்று சொந்த விட்ஜெட்டுகள் ஏராளமாக வைத்திருக்கும் கிம்ப் மாதிரி மென்பொருளில், அந்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லக் கற்றுத்தர வேண்டியிருந்தது.

நான்காவது, பேனா. ஓவியர்கள் அழுத்தம் உணரும் டேப்லெட் பேனாவால் வரைகிறார்கள். ஜிடிகே 2 காலத்து அமைப்பில் டேப்லெட்டைச் சொருகிவிட்டுக் கிம்ப்பை மூடித் திறந்தால்தான் அதைக் கண்டுகொள்ளும். ஜிடிகே 3 இந்தப் பகுதியைப் புதிதாக எழுதியது. வேலை நடுவில் சொருகினாலும் பிடித்துக்கொள்ளும். கிம்ப்புக்குப் பெரிய வரம். ஆனால் டூல்கிட்டின் இந்த மூலையை இவ்வளவு ஆழமாகப் பயன்படுத்தும் மென்பொருட்கள் குறைவு. அதனால் அங்கே இருக்கும் குறைகளை முதலில் சந்திப்பவரும் கிம்ப் நிரலாளராகவே இருப்பார். அப்போது அவர் கிம்ப்பை விட்டுவிட்டு ஜிடிகேயைத் திருத்தப் போகவேண்டும்.

மாறாமல் இருந்திருக்கக் கூடாதா?

“ஓடுறதை எதுக்குத் தொடணும்?” என்பது நண்பரின் அடுத்த கேள்வி. தொடாவிட்டாலும் அடியில் இருக்கும் தரை நகர்கிறது என்பதுதான் பதில். அடர்த்தி கூடிய புதிய திரைகளில் ஜிடிகே 2 மென்பொருளின் ஐகான்கள் எறும்பு அளவுக்குத் தெரியும், அதற்குத் திரை அடர்த்தி என்ற கருத்தே கிடையாது. லினக்ஸில் திரையை ஆளும் முறை எக்ஸ்-இலிருந்து வேலேண்டுக்கு மாறிவருகிறது. ஜிடிகே 2 மென்பொருள் அங்கே இடைத்தரகர் ஒருவர் மூலமாகத்தான் ஓடமுடியும். 2020 டிசம்பரில் ஜிடிகே 4 வெளியானதோடு ஜிடிகே 2இன் பராமரிப்பும் நின்றது. இனி அதில் ஓட்டை தெரிந்தாலும் அடைக்க ஆளில்லை.

இந்த நெருக்கடி கிம்ப்புக்கு மட்டும் வந்ததல்ல. எக்ஸ்எஃப்சிஇ மேசைச்சூழல் 2019இல் 4.14 பதிப்பில் ஜிடிகே 3க்கு வந்து சேர்ந்தது. இங்க்ஸ்கேப் 2020இல் 1.0 பதிப்பில் வந்தது. வயர்ஷார்க் வேறு முடிவெடுத்தது. ஜிடிகேயையே விட்டு க்யூடிக்கு மாறி, 2015இல் 2.0 என்று வெளிவந்தது. ஆக, எல்லோருக்கும் வருடக்கணக்கில்தான் ஆகியிருக்கிறது.

கிம்ப்புக்குக் கூடுதல் தாமதம் ஏன்? அதே காலத்தில் அதற்கு இன்னொரு பெரிய மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. படத்தைக் கையாளும் உள் இயந்திரத்தையே எடுத்துவிட்டு ஜெகல் என்ற புதிய இயந்திரத்தைப் பொருத்துவது. வீட்டின் அஸ்திவாரத்தையும் கதவு ஜன்னலையும் ஒரே சமயத்தில் மாற்றினால், சுவர் விரிசல் விடும்போது எதனால் விட்டது என்று சொல்லமுடியாது. அதனால் வரிசைப்படுத்தினார்கள். முதலில் ஜெகல், அது 2018 ஏப்ரலில் 2.10 பதிப்பாக வந்தது, பழைய ஜிடிகே 2 மேலேயே. அதன்பிறகுதான் ஜிடிகே 3 வேலை மையக் கிளைக்கு வந்தது. பெரும்பாலும் தன்னார்வலர்கள், ஒரு சிலர்தான் தொடர்ந்து வேலை செய்பவர்கள், பல லட்சம் வரி நிரல். இவ்வளவு பேர் இவ்வளவு வேலையைத் தூக்கினால் இந்த வேகம்தான் வரும்.

இதுல இன்னொரு கொடுமையும் இருக்கு. போகிற இடமே நகர்ந்துகொண்டிருந்தது. மெனுக் கட்டளைகளை நிர்வகிக்க ஜிடிகேயில் ஒரு வசதி உண்டு. கிம்ப் அதை மூலைக்கு மூலை பயன்படுத்தியது. ஜிடிகே 3.10 பதிப்பிலேயே அதைக் ‘காலாவதி’ என்று அறிவித்துவிட்டார்கள். மாற்றி முடிப்பதற்குள் மாற்றியதையும் மாற்றவேண்டிய நிலை.

பழைய வீட்டிலேயே மூட்டை கட்டுவது

இந்த மாதிரி வேலையை எப்படிச் செய்வது என்று ஜிடிகேயின் அதிகாரபூர்வக் கையேடு ஒரு வழி சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். உடனே ஜிடிகே 3க்குத் தாவாதே. முதலில் ஜிடிகே 2இன் கடைசிப் பதிப்பான 2.24க்கு வா. அங்கேயே இருந்துகொண்டு இரண்டு தடைகளைப் போட்டுக் கம்பைல் செய். ஒன்று, காலாவதியான எதையும் தொட்டால் பிழை காட்டும். மற்றது, உள்தரவுக்குள் கைவிட்டால் பிழை காட்டும். அத்தனையும் சரிசெய்து அதில் ஓடவிடு. அதன்பிறகு டூல்கிட்டை மாற்று.

இதன் அழகு என்னவென்றால், ஒவ்வொரு படியிலும் மென்பொருள் ஓடிக்கொண்டே இருக்கும். இன்று ஒரு மாற்றம் செய்து ஏதாவது உடைந்தால், உடைத்தது அந்த மாற்றம்தான் என்று தெரியும். கிம்ப்பும் பெருமளவுக்கு இப்படியே போனது. மேலே சொன்ன தலைகீழ் நிறத் தந்திரத்தை விட்டுக் கைரோவுக்கு வந்ததே 2012இல் வந்த 2.8 பதிப்பில்தான். அப்போது டூல்கிட் இன்னும் ஜிடிகே 2. பயன்படுத்தியவர்கள் யாருக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது. ஆனால் மாறப்போகிற வேலையில் ஒரு பெரும்பகுதி அன்றே முடிந்திருந்தது.

கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்கு யாரும் கைதட்டுவதில்லை. ‘என்ன புதுசா இருக்கு?’ என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. தன்னார்வலர்கள் மாலை நேரங்களை வருடக்கணக்கில் இதற்குக் கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போது கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. நான் 2013இல் எழுதியதை 2025 வரை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

என் 140 வரி

இனி என் கதைக்கு வருகிறேன். பழைய கிம்ப்பின் பைதான் இணைப்பு, பைதான் 2 மேலும் பைஜிடிகே மேலும் நின்றது. பைஜிடிகே கையால் எழுதப்பட்ட பாலம், ஜிடிகே 3க்கு வரவேயில்லை. பைதான் 2க்கு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. கிம்ப் 3இல் பாலம் கட்டும் முறையே வேறு. சி மொழியில் எழுதிய ஒவ்வொரு செயற்கூறின் விவரமும் இயந்திரம் படிக்கும் வடிவில் ஒரு கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. பைதான் 3, ஜாவாஸ்கிரிப்ட், லுவா என்று எந்த மொழியும் அதைப் படித்துத் தானே இணைந்துகொள்ளலாம். மொழிக்கு ஒரு பாலம் கட்டி, காலமெல்லாம் பராமரிக்கவேண்டிய வேலை போச்சு.

நான் முதல் வார இறுதியில் செய்தது நண்பர் சொன்னதைத்தான். பழைய பெயரைத் தேடிப் புதுப் பெயரைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கிம்ப்பை டெர்மினலில் இருந்து திறந்தபோதுதான் முதல் விஷயம் தெரிந்தது. ப்ளகின் இனி தன் பெயரிலேயே ஒரு தனி உறைக்குள் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடும். அதைச் சரிசெய்தால் அடுத்தது. மங்கலாக்க நான் கூப்பிட்ட பழைய வடிகட்டி இப்போது இல்லை, ஜெகல் வடிகட்டியை உருவாக்கி லேயரோடு இணைக்கவேண்டும். அதையும் செய்தேன்.

கடைசியாக ஒன்றில் நின்றேன். பழைய கிம்ப் என் ப்ளகினிடம் ஒரு லேயரைக் கொடுக்கும். புதிய கிம்ப் ஒரு பட்டியலைக் கொடுக்கிறது, ஏனென்றால் இப்போது பல லேயர்களை ஒரே சமயத்தில் தேர்வுசெய்யலாம். ‘சரி, பட்டியலில் முதலாவதை எடுத்துக்கொள்வோம்’ என்று எழுதப்போன கை நின்றது. முதலாவது எது? சில பக்கங்களில் ஸ்கேன் ஒரு லேயர், என் குறிப்புகள் அதற்கு மேல் இன்னொரு லேயர். இரண்டாவது தேர்வாகியிருந்தால்?

பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தேன். பயந்தது சரிதான். குறிப்பு லேயர் தேர்வாகியிருந்தபோதெல்லாம் ப்ளகின் அந்த லேயரைத்தான் சுத்தம் செய்திருக்கிறது. பென்சிலால் எழுதியதுபோல் மெலிதாக நான் வைத்திருந்த குறிப்புகள் சில பக்கங்களில் காணாமல் போயிருந்தன. ஸ்கேன் மஞ்சளாகவே இருந்தது. பத்து வருடமாக ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது என்று மேலே எழுதினேன் அல்லவா? குறை இருந்திருக்கிறது, சொல்லத்தான் ஆளில்லை. எண்ணிப் பார்த்தால் 31 பக்கம். அவற்றில் சில இதழ்களை மறுபடி இரவல் வாங்கமுடியுமா என்று தெரியவில்லை.

நண்பரின் கேள்விக்கு என் பதில் இதுதான். ஒரு மென்பொருளைப் புதிய டூல்கிட்டுக்கு மாற்றும்போது நாம் மொழிபெயர்க்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் நடப்பது தணிக்கை. ‘ஒரு லேயர்தான் இருக்கும்’, ‘திரையில் நேராக எழுதலாம்’, ‘கல்லா எப்போதும் அங்கேதான் இருக்கும்’ என்று எழுதாமல் விட்ட நம்பிக்கைகளைப் புதிய டூல்கிட் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்துக் கேட்கிறது. என் 140 வரியில் அப்படி மூன்று இருந்தன, இரண்டு வார இறுதி ஆனது. பல லட்சம் வரியில் எத்தனை இருந்திருக்கும்?

இதில் இழப்பும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. எழுதியவர் போய்விட்ட பழைய ப்ளகின்கள் பல கிம்ப் 3க்கு வரவே வராது. அவற்றை நம்பியிருப்பவர்கள் 2.10ஐ விடமுடியாமல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. கிம்ப் 3 வரும்போதே ஜிடிகே 4க்கு நாலு வயது தாண்டிவிட்டது என்பதும் உண்மை. ஆனால் அடுத்த மாற்றத்துக்குப் போகும்போது கல்லாவுக்குள் கைவிட்ட இடங்களும் தலைகீழ் நிறத் தந்திரமும் இருக்காது. அந்தத் தணிக்கை முடிந்துவிட்டது.

600 பக்கமும் குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால் முடிந்தது. புதிய ப்ளகின் இப்போது, தேர்வாகியிருப்பது ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, ஸ்கேன் என்று பெயரிட்ட லேயராக இல்லாவிட்டாலோ, எதையும் தொடாமல் நின்று கேட்கிறது. வரிகள் 140இலிருந்து 190 ஆகிவிட்டன. கூடுதலாக வந்த 50 வரியில் பாதிக்கு மேல் அந்தக் கேள்விதான்.

நீங்களும் பழைய கிம்ப்புக்கு ஏதாவது எழுதி வைத்திருந்தால், கிம்ப் 3க்கு மாறும் முன் பழைய கணினியிலேயே ஒரு முறை திறந்து, அது எதை எதை நம்பி ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள்.